றெம்பிராண்ட் தம்மை வரைந்த கதை

1656 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழு மாத முற்றுகையிலே பசியாலும் நோயாலும் நலிந்துபோன போர்த்துக்கேயர் கோட்டையை ஒப்படைத்து வெளியேறினர். இலங்கையின் கறுவா வாணிகம் இனி ஒல்லாந்தக் கம்பனிக்கே உரியது என்னும் செய்தி கப்பலேறி ஆம்ஸ்ரடாம் நகரை அடையப் பல மாதங்கள் செல்லும். அதற்கு முன்னரே, அவ்வாண்டு யூலை மாதத்தில், அந்நகரத்து ஓவியர் ஒருவர் கடனை இறுக்க வழியின்றித் தம் உடைமை யாவற்றையும் கடன்காரருக்கு விட்டுக்கொடுப்பதாக உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பது. அவர் பெயர் றெம்பிராண்ட் வான் றைன்.

ஒரு நாடு செல்வத்தின் உச்சியை எட்டிக்கொண்டிருந்த வேளையிலே அந்நாட்டின் தலைசிறந்த ஓவியர் வங்குரோத்து நிலையை அடைந்தார். வியப்பு அதுவன்று; வங்குரோத்து அடைந்த வாணிகரும் கலைஞரும் ஆம்ஸ்ரடாமிலே பலர். உடைமை கைவிட்டுப் போன அந்த ஆண்டுகளிலேதான் அவர் தம் முகத்தைத் தாமே வரையும் பழைய வழக்கத்துக்கு முன்னெப்போதும் இல்லாத உறுதியோடு திரும்பியிருந்தார் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒல்லாந்தர் இலங்கையிலே விட்டுச்சென்ற சொற்களிற் சில இன்றும் நம் நாவிலே வழங்குகின்றன. கந்தோர் என்பது ஒன்று. நொத்தாரிசு என்பது மற்றொன்று. எதனையும் எழுத்திலே பதிந்து, சாட்சி வைத்து, கையொப்பம் பெற்றுப் பேணுவது அம்மக்களின் வழக்கம். றெம்பிராண்டின் வாழ்வு இன்று தெரியவருவது பெரும்பாலும் அந்த நொத்தாரிசுகளின் ஏடுகளாலேயே. அவர் நாட்குறிப்பு எழுதியவரல்லர். அவர் கைப்பட எழுதிய கடிதங்களில் ஏழே எஞ்சியுள்ளன. ஏழும் ஹைகன்ஸ் என்னும் அரச செயலாளருக்கு எழுதியவை. அவற்றிற் பெரும்பகுதி தாம் வரைந்து கொடுத்த படங்களுக்கான பணத்தைக் கேட்பது. தம்மைப் பற்றி அவர் வேறெதனையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தம் முகத்தை ஏறத்தாழ நாற்பது வர்ண ஓவியங்களிலும் முப்பதுக்கு மேற்பட்ட செப்புத்தகட்டு அச்சுப்படங்களிலும் விட்டுச்சென்றார். தன்னுருவப்படம் என்று ஒரு தனிப் பெயர் அக்காலத்தில் இல்லை. றெம்பிராண்ட் தாமே செய்த றெம்பிராண்டின் படம் என்று ஏடுகளில் நீட்டி எழுதுவார்கள்.

1606 ஆம் ஆண்டு லெய்டன் நகரிலே ஒரு மாவாலைக்காரரின் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்த அவர், இருபத்திரண்டு வயதளவிலேயே கண்ணாடியின் முன் அமரத் தொடங்கிவிட்டார். 1628 அளவில் வரைந்த சிறு பலகை ஒன்று இன்று ஆம்ஸ்ரடாம் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அது ஒரு சாண் உயரமே உடையது. கலைந்த தலைமயிரின் நிழல் கண்களை முற்றாக மறைத்து நிற்க, கன்னத்தின் ஓரத்தில் மாத்திரம் ஒளி விழுகிறது. மயிர்ச் சுருள்களை அவர் தூரிகையால் தீட்டவில்லை. தூரிகையைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பினால் ஈர வர்ணத்தைக் கீறிக் காட்டியிருக்கிறார். அதே காலத்திலே, சிரித்தும் சினந்தும் மருண்டும் வாய் பிளந்தும் தம் முகத்தைச் செப்புத் தகட்டில் வரைந்தார். அவை பயிற்சிப் படங்கள். கூலி கேளாத ஆள் ஒருவர் வேண்டும். கண்ணாடியில் இருப்பவர் கூலி கேட்பதில்லை.

பின்னர் ஆம்ஸ்ரடாம் அவரை அழைத்தது. 1632 இல் வைத்தியர் துல்ப் என்பவரின் உடற்கூற்றுப் பாடத்தை வரைந்து அவர் புகழ் பெற்றதும், 1634 இல் சாஸ்கியா என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்ததும், 1639 இல் 13,000 கில்டருக்குப் பெருவீடு ஒன்றை வாங்கியதும் பலரும் அறிந்த செய்திகள். அவ்விலையின் பெரும்பகுதியை அவர் உடனே செலுத்தவில்லை என்பதை மாத்திரம் இங்கு நினைவிற் கொள்ளுதல் போதும்.

இக்காலத்துத் தன்னுருவப்படங்கள் வேறு வகையின. 1639 இல் ஆம்ஸ்ரடாமில் நடந்த ஓர் ஏலத்திலே இத்தாலிய ஓவியர் ரபாயல் வரைந்த கஸ்திலியோனே பிரபுவின் படம் விலைப்பட்டது. றெம்பிராண்ட் அங்கு நின்று அதனைக் கீறிக்கொண்டதோடு அது விலைபோன 3,500 கில்டர் என்னும் தொகையையும் பக்கத்தில் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு தம்மை வரைந்தபொழுது, அந்தப் பிரபுவின் தோரணையையும் தீசியானோ வரைந்த வேறொருவரின் தோரணையையும் தமக்கு ஏற்றிக்கொண்டார். ஒரு நூற்றாண்டுக்கு முந்திய உடை. அழகாக முறுக்கிய மீசை. சுவரிற் சாய்த்த கை. இலண்டன் தேசிய ஓவியசாலையில் உள்ள அப்படத்தைப் பார்ப்பவர், பழைய பேராசிரியர்களுக்குத் தாம் குறைந்தவர் அல்லர் என்று ஒருவர் சொல்வதைக் கேட்பார். அதனைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆயினும் அந்த முகத்திலே பேச்சுத்தான் மிகுதி.

அவருடைய வீடு அப்பொழுது ஒரு தொழிற்சாலை போல இயங்கிற்று. அக்காலத்து எழுத்தாளராகிய சன்றார்ட் கூறுவதன்படி, மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டொன்றுக்கு 100 கில்டர் செலுத்திப் பயின்றனர். அவர்கள் தீட்டிய படங்களை விற்பதாலும் ஆசிரியருக்கு 2,000 கில்டருக்கு மேல் வருமானம் கிடைத்தது. கோவர்ட் பிளிங்க், பேர்டினன்ட் பொல், கறல் பாப்ரீசியஸ் முதலானோர் அவ்வழி வந்தவர்களே. மாணவர் ஆசிரியரின் படத்தைப் பார்த்து எழுதுவர், சிறிது மாற்றி எழுதுவர், ஆசிரியர் திருத்துவார். விற்பனைக்குச் செல்லும் படத்தில் எக்கை எவ்விடத்தில் பட்டது என்று வாங்குபவர் அறியார். இதில் வஞ்சனை யாதும் இல்லை. அக்காலத்துப் பட்டறைகள் யாவும் அவ்வண்ணமே நடந்தன.

ஆனால் ஆசிரியரின் சொந்த முகமே அவ்வழியிற் பெருகிற்று என்பதுதான் விந்தை. கழுத்துக் கவசம் அணிந்த இளம் றெம்பிராண்டின் படம் ஒன்று ஹேக் நகரத்து மௌரிட்ஸ் மாளிகை நூதனசாலையில் உள்ளது. நெடுங்காலம் அதுவே மூலப்படம் என்றும், ஜேர்மனியில் நியூரம்பேர்க் நகரில் உள்ள அதே படம் நகல் என்றும் அறிஞர் எண்ணினர். 1990 களின் இறுதியிலே செந்நிறக்கீழ்க் கதிர் கொண்டு ஆராய்ந்தபொழுது, ஹேக் படத்தின் அடியிலே, பார்த்து எழுதுவோர் போடும் கவனமான கோடுகள் வெளிப்பட்டன. றெம்பிராண்ட் அவ்வாறு கோடு போட்டுத் தொடங்குபவரல்லர். ஆகவே வரிசை தலைகீழாயிற்று: நியூரம்பேர்க்கில் உள்ளது மூலம், ஹேக்கில் உள்ளது மற்றொருவர் பார்த்து எழுதியது. அவருடைய பட்டறைக்குரிய மற்றோர் அடையாளத்தையும் இரசாயன ஆராய்ச்சி கண்டுள்ளது. 1642 அளவில் தொடங்கி, மணற்கல் தூளை எண்ணெயிற் குழைத்து ஓவியத் துணிக்கு அடிப்பூச்சாக இடும் முறை அங்கு வழங்கிற்று. அது பட்டறையைக் காட்டும், கையைக் காட்டமாட்டாது.

1642 ஆம் ஆண்டு இரவுக் காவலர் என்று பின்னர் பெயர் பெற்ற பேரோவியம் முடிந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் சாஸ்கியா இறந்தார். நான்கு பிள்ளைகளில் எஞ்சியவன் ஒரு வயது நிரம்பாத தீத்துஸ் ஒருவனே. அந்த ஓவியத்தை ஊரார் வெறுத்தனர், அதனாலேயே அவர் வீழ்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. படம் அதற்குரிய மண்டபத்திலேயே தொங்கிற்று. ஆனால் அதன்பின் அவர் வரையும் உருவப்படங்கள் குறைந்தன. 1645 அளவுக்குப் பின்னர் ஏழு ஆண்டுகள் வரை அவர் வர்ணத்திலே தம்மை வரையவே இல்லை. நாற்பது ஆண்டுக்கால வரிசையில் இதுவே நீண்ட இடைவெளி.

இடைவெளிக்கு நடுவே ஒரேயொரு செப்புத்தகட்டு அச்சுப்படம் 1648 இல் தோன்றியது. அது கையளவான படம். யன்னல் அருகே ஒருவர் மேசைமுன் அமர்ந்து எதையோ வரைகிறார். பழைய பிரபுவின் உடை போயிற்று. முறுக்கிய மீசை போயிற்று. தலையிலே சாதாரணத் தொப்பி. வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர் ஒருவர் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்க்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது கண்ணாடியை. திரும்புதலின் முதல் அடி இதுவே எனலாம்.

அடுத்த அடி 1652 இல். வியன்னாவில் உள்ள அந்த ஓவியத்திலே அவர் கபில நிறமான வேலைச் சட்டையோடு நேராக நிற்கிறார். இரு கைகளும் இடைக்கச்சையிலே செருகியிருக்கின்றன. பட்டறைக் கதவைத் திறந்ததும் எதிரே நின்று என்ன வேண்டும் என்று கேட்கும் தொழிலாளி ஒருவரின் நிலை அது. உடல் இருளிலே கரைந்திருக்க, நெற்றியும் மூக்கும் ஒரு பக்கக் கன்னமும் மாத்திரம் வெளிச்சத்தில் நிற்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய இலண்டன் படத்தோடு இதனை ஒப்பிடுவோர், ஒருவரே இருவரா என ஐயுறுவர்.

அவ்வாண்டிலே இங்கிலாந்தோடு போர் மூண்டது. கடல் வாணிகம் தடைப்பட்டது. ஓவியம் வாங்குவோர் கை சுருங்கிற்று. அடுத்த ஆண்டு, வீட்டை விற்றவர் எஞ்சிய பணத்தைக் கேட்கத் தொடங்கினார். றெம்பிராண்ட் ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் அடைக்கலானார். அவர் நிலையும் நாட்டு நிலையும் இவ்வாறிருக்க, பணத்துக்காகத் தம் கையை வளைக்க அவர் இசைந்தாரா என்பதற்கு 1654 ஆம் ஆண்டின் நொத்தாரிசு ஏடு ஒன்று விடை தருகிறது. டியேகோ அந்திராடா என்னும் போர்த்துக்கேய வணிகர் ஓர் இளம்பெண்ணின் படத்தை வரையச் சொல்லி 75 கில்டர் முற்பணமும் கொடுத்திருந்தார். படம் அப்பெண்ணைப் போல் இல்லை. திருத்த வேண்டும், இன்றேல் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் நொத்தாரிசை அனுப்பினார். மீதிப் பணம் வராமல் தூரிகையைத் தொடேன் என்பது ஓவியரின் மறுமொழி. பணம் வந்தால் முடித்துத் தருவதாகவும், சாயல் உண்டா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்துத் தலைவர்கள் தீர்மானிக்கட்டும் என்றும், அப்பொழுதும் மனம் நிறையாவிடில் படத்தைத் தாமே வைத்துக்கொண்டு அடுத்த ஏலத்தில் விற்பதாகவும் கூறினார். கடன் கழுத்தை நெரிக்கும் ஒருவரின் பேச்சாக இது தோன்றவில்லை.

அவருடைய கை எத்தகையது என்பதையும் சிறிது கூறுதல் வேண்டும். ஒல்லாந்திலே ஓவியம் இரு வழிகளில் நடந்தது. ஒன்று வழவழப்பான வழி: தூரிகை பட்ட அடையாளமே தெரியாமல் கண்ணாடி போல் தீட்டுவது. மற்றது கரடான வழி: வர்ணம் மேடு பள்ளமாக நிற்கும், அருகே சென்றால் குழப்பம், அகன்று நின்றால் உருவம். றெம்பிராண்டின் முதல் மாணவராகிய கெறிற் டௌ முதல் வழியிலே சென்று பெரும் பொருள் ஈட்டினார். பிளிங்க், பொல் ஆகியோரும் நாகரிகம் விரும்பிய ஒளியும் மினுக்கமும் உள்ள முறைக்கு மாறினர். ஆசிரியரோ எதிர்த்திசையிற் சென்றார். ஈயவெள்ளையைக் கெட்டியாகக் குழைத்து அப்பினார், கத்தியாலும் தேய்த்தார், காம்பினாற் கீறினார். விரல் பட்ட இடங்களும் உண்டு என்பர். அவர் வரைந்த உருவத்தை மூக்கைப் பிடித்தே தூக்கிவிடலாம் என்று பிற்காலத்தில் ஒருவர் நகைத்து எழுதினார். நகைப்பினுள் உண்மை இருந்தது. வழவழப்பான படத்தை நல்ல மாணவன் ஒருவன் பார்த்து எழுதிவிடலாம். இந்தக் கரடான பரப்பு வந்த வேகத்தையும் தயக்கத்தையும் அவ்வாறு பார்த்து எழுதுதல் எளிதன்று. பட்டறை அக்காலத்தில் முற்றாக மூடப்பட்டுவிடவில்லை. இறுதிவரை ஒரு சிலர் அவரிடம் பயின்றனர். ஆனால் வேலை மீண்டும் ஒரு மனிதரின் கைக்குள் வந்துவிட்டது.

1656 யூலை 25, 26 ஆம் திகதிகளில் அதிகாரிகள் வீட்டிற் புகுந்து அறை அறையாகப் பொருள்களை எழுதினர். 363 இலக்கங்கள் கொண்ட அந்தப் பட்டியல் இன்றும் உள்ளது. உரோமச் சக்கரவர்த்திகளின் தலைச் சிலைகள், சங்கு சிப்பிகள், படைக்கலங்கள், கீழைத்தேயப் பொருள்கள், ஏடு ஏடாக அச்சுப்படங்கள் எனக் கடன்பட்டும் அவர் சேர்த்த யாவும் அதில் அடங்கின. அவற்றிற் பல ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் கொண்டுவந்தவை. அவர் அச்சிட விரும்பிய யப்பானியக் கடதாசியும் அவ்வழி வந்ததே. அதே ஆண்டுகளில் மொகலாயச் சிற்றோவியங்கள் அவர் பார்வைக்குக் கிட்டின. ஷாஜகான் முதலானோரின் உருவங்களை யப்பானியக் கடதாசியிலே மெல்லிய கோடுகளால் வரைந்துகொண்டார். அவ்வகையில் இருபதுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஒல்லாந்தைவிட்டு ஒருபோதும் வெளியேறாத அந்த மனிதர், தம் முரட்டுக் கைக்கு முற்றும் மாறான இந்தியக் கையை எவ்வளவு மதிப்போடு பயின்றார் என்பதற்கு அவை சான்று.

பொருள்கள் 1657 இலும் 1658 இலும் ஏலத்தில் விலைப்பட்டன. வீடு 11,218 கில்டருக்குப் போயிற்று. 1658 யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே, ஓவியர் தம் பெருவீட்டை விட்டு நீங்கிய காலத்திலே, தம்மை வரைந்த படங்களில் எல்லாவற்றிலும் பெரியதை அவர் வரைந்தார்.

நியூ யோர்க்கிலே பிரிக் மாளிகையில் அது இருக்கிறது. நாலடிக்கு மேற்பட்ட உயரம். நாற்காலி ஒன்றிலே பருத்த உடலோடு அமர்ந்திருக்கிறார். பொன்னிறமான அகன்ற மேலாடை. இடையிலே சிவந்த கச்சு. தோளிலே உரோமப் போர்வை. இடக்கையில் வெள்ளிப் பூண் இட்ட கோல். அரசன் ஒருவனின் இருக்கை எனப் பலரும் கூறியிருக்கின்றனர். ஆனால் எந்த நாட்டு அரசனும் அவ்வாறு உடுத்தியதில்லை. அது பட்டறையிற் கிடந்த துணிகளின் கோலம். பெரிய கைகள் இரண்டும் முன்னே ஒளியில் கிடக்கின்றன. முகத்திலே களைப்பு உண்டு; கெஞ்சுதல் இல்லை. கடன்காரர் எடுத்துச் செல்ல முடியாதது எது என்பதை அந்தக் கைகளைப் பார்ப்பவர் சொல்லாமலே அறிவர்.

இக்காலத்து நொத்தாரிசு ஏடுகளிலே சிறு நிகழ்ச்சி ஒன்று காணப்படுகிறது. மகன் தீத்துஸ் 1658 இல் கருங்காலிச் சட்டமிட்ட பெரிய கண்ணாடி ஒன்றைப் படகோட்டி ஒருவரின் தலையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தான். வழியிலே அது உடைந்து போயிற்று. யாரும் இடிக்கவில்லை, கண்ணாடி தானாகவே வெடித்தது என்று சாட்சிகள் கூறினர். அக்கண்ணாடி ஓவியருக்காக வாங்கப்பட்டதா என்று ஏடு சொல்லவில்லை. பெரிய கண்ணாடி அக்காலத்தில் விலையுயர்ந்த பொருள் என்பதையும், முகத்தை மட்டுமன்றி உடலையும் வரைய விரும்புபவருக்கு அது இன்றியமையாதது என்பதையும் மாத்திரம் கூறலாம்.

அதன்பின் ஆண்டுக்கு ஒன்று இரண்டாகப் படங்கள் தொடர்ந்தன. 1659 இல் வரைந்தது வாஷிங்டனில் உள்ளது. கைகளைக் கோத்துத் திரும்பி நோக்கும் முகம், ஆடை முழுதும் இருள். 1660 இல் வரைந்ததில், வெள்ளைத் துணியைத் தலையிற் கட்டிக்கொண்டு, தூரிகையும் கைதாங்கு கோலும் ஏந்தி, ஓவியப் பலகையின் முன்னே நிற்கிறார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி அதனை வாங்கினான். இன்று லூவரில் உள்ளது. இதிலிருந்து ஒன்று தெளிவாகும். இப்படங்கள் தனிமையிலே கண்ணீரோடு வரைந்து மூலையில் ஒளித்து வைத்தவை என்று கற்பனை செய்வது பிழை. புகழ் பெற்ற ஓவியர் ஒருவரின் முகமும் அவரது கைத்திறனும் ஒரே துணியிற் கிடைப்பதைச் செல்வர் விரும்பினர், அவர் விற்றார். பிழைப்புக்காகச் செய்தது உண்மையாகவும் இருக்கலாம் என்பதைப் பலர் ஏற்க மறுக்கின்றனர்.

அவர் முகத்திலே அவருடைய குற்றங்களும் எழுதப்பட்டிருக்கின்றன என்பாரும் உளர். அதுவும் ஆராய வேண்டியதே. சாஸ்கியா இறந்தபின் தீத்துஸை வளர்த்தவள் கேர்த்யே என்னும் பெண். மணம் செய்வதாகக் கூறி ஏமாற்றினார் என்று அவள் 1649 இல் வழக்கிட்டாள். ஆண்டுதோறும் 200 கில்டர் கொடுக்குமாறு நீதிமன்றம் பணித்தது. அடுத்த ஆண்டு அவள் கௌடா நகரத்துச் சீர்திருத்தச் சிறையில் அடைக்கப்பட்டாள். அதற்கு றெம்பிராண்டும் உடந்தையாக இருந்தார். ஐந்து ஆண்டுகள் அவள் அங்கிருந்தாள். வியன்னா ஓவியத்திலே கச்சையில் கைசெருகி நிற்பவர், அவள் அங்கு அடைபட்டிருந்த காலத்து மனிதர். அம்முகத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒளி எவ்வாறு விழுந்ததோ அவ்வாறு வரைந்தார்; பாவமன்னிப்புக் கேட்க வரையவில்லை.

1658 இன் பின் அவர் றோசன் கால்வாய்த் தெருவிலே வாடகை வீட்டில் வாழ்ந்தார். கடன்காரர் மீண்டும் தொடராவண்ணம், 1660 இல் அவருடன் வாழ்ந்த ஹென்ட்ரிக்யேயும் தீத்துஸும் ஓவிய வாணிகம் ஒன்றைத் தம் பெயரில் நிறுவினர். உணவும் உறைவிடமும் பெற்று அவர்களுக்கு வேலை செய்பவராகவே அவர் சட்டத்தின் கண்ணில் இருந்தார். நகர மண்டபத்தை அலங்கரிக்கப் பன்னிரண்டு பெரும் படங்கள் அவருடைய பழைய மாணவர் பிளிங்குக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தன. பிளிங்க் 1660 இல் திடீரென இறக்கவே, ஒரு படம் றெம்பிராண்டுக்கு வந்தது. ஒற்றைக் கண் தலைவன் ஒருவன் இரவிலே தன் மக்களிடம் வாளின்மேல் ஆணை வாங்கும் காட்சி. 1662 இல் அது மண்டபத்திற் சிறிது காலம் தொங்கிப் பின் கழற்றப்பட்டது. அவர் அதனை விற்பதற்காகத் துண்டாக்கினார். நடுப்பகுதி மாத்திரம் ஸ்ரொக்ஹோம் நகரில் எஞ்சியுள்ளது. நகரத்தாருக்கு வழவழப்பே வேண்டியிருந்தது.

இவ்வாண்டுகளின் படங்களில் இலண்டன் கென்வுட் மாளிகையில் உள்ளது தனியாக நிற்பது. 1665 அளவில் வரைந்ததாகக் கருதப்படுகிறது. வெளிறிய சுவரிலே இரண்டு பெரும் வட்டங்களின் பகுதிகள். அவற்றின் முன்னே வெள்ளைத் தொப்பியும் உரோம ஆடையுமாக அவர். வட்டங்களின் பொருளுக்கு அறிஞர் கூறும் விளக்கங்கள் பல, ஒன்றும் நிலைபெறவில்லை. முகம் மிகப் பொறுமையாகக் கட்டப்பட்டிருக்கிறது. தொப்பியோ சில அடிகளிலே முடிந்தது. எக்ஸ் கதிரில் நோக்கியபொழுது புதுமை ஒன்று தெரிந்தது. முதலிலே அவர் கண்ணாடியிற் கண்டவாறே, இடம் வலமாக மாறிய நிலையில், துணியிற் படிந்த தூரிகையோடு தம் கையை வரைந்திருந்தார். வேலை நடந்துகொண்டிருந்த கணமே அதில் அகப்பட்டிருந்தது. பின்னர் அதை அழித்து, வர்ணத் தட்டையும் தூரிகைகளையும் மற்றக் கைக்கு மாற்றினார். இன்று காணும் படத்தில் அந்தக் கைக்கு விரல்கள் இல்லை. நாலைந்து கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கின்றன. கையை வரைந்த கையே அங்கு நிற்கிறது.

1663 இல் ஹென்ட்ரிக்யே கொள்ளைநோயில் இறந்தார். 1668 இல், மணமாகிய சில மாதங்களிலேயே தீத்துஸும் இறந்தான். எஞ்சியவர் ஹென்ட்ரிக்யேயிடம் பிறந்த மகள் கொர்னேலியாவும், 1669 இல் பிறந்த பேத்தியும்.

அந்த 1669 ஆம் ஆண்டிலும் அவர் கண்ணாடியின் முன் அமர்ந்தார். அவற்றுள் ஒன்று இலண்டன் தேசிய ஓவியசாலையில், 1640 இன் செருக்குள்ள இளைஞர் இருக்கும் அதே கூரையின் கீழ் உள்ளது. அறுபத்துமூன்று வயது முகம், தளர்ந்த கன்னம், நரைத்த சுருள்மயிர். எத்தனையாவது படம் என்று நெடுநாள் ஐயமிருந்தது. 1967 இல் அழுக்கு நீக்கித் துப்புரவு செய்தபொழுதே 1669 என்னும் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. அப்படத்தின் அடியிலும் எக்ஸ் கதிர் ஒரு மாற்றத்தைக் காட்டியது. முதலில் அவர் கைகளை விரித்து, ஒன்றிலே தூரிகையைப் பிடித்திருப்பதாக வரைந்தார். பின்னர் தூரிகையை நீக்கி, கைகளை ஒன்றோடொன்று சேர்த்து மடியிலே வைத்துவிட்டார். அவ்வாண்டு ஒக்ரோபர் 4 ஆம் திகதி அவர் இறந்தார். நான்கு நாள் கழித்து மேற்குக் கோயிலிலே வாடகைக் குழி ஒன்றில் அடக்கம் செய்தனர். அதன் மேல் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.